மொழியும் அதைப் பேசும் ஊரும்

ஒரு மொழியைக் கற்க இலக்கணமும் அகராதியும் போதுமா? மாணவச் செல்வங்களே, இவ்வினாவைப் பள்ளி அறையிலிருந்து கடற்கரைச் சிற்றூர்வரை கொண்டு சென்ற அறிஞருள் ஒருவர் பிரானிஸ்லாவ் மாலினோவ்ஸ்கி. போலந்தியரான அவர் 1884-இல் கிராக்கோவ் நகரில் பிறந்தார். முதல் உலகப் போர் மூண்டபோது ஆஸ்திரேலியாவில் இருந்தார். ஆஸ்திரியப் பேரரசின் குடியாதலால் பகைநாட்டவராகக் கருதப்பட்டார். எனினும் ஆராய்ச்சிக்கு இசைவு கிடைத்தது. 1915-க்கும் 1918-க்கும் இடையே இருமுறை ட்ரோப்ரியாண்ட் தீவுகளுக்குச் சென்று, ஓமரக்கானா என்னும் ஊரில் குடிசைகளின் நடுவே கூடாரமிட்டுத் தங்கினார். அம்மக்களின் கிலிவிலா மொழியை அவர்களோடு பழகியே பயின்றார்.

ஒருநாள், கடல் கடந்து சென்றுவந்த ஒருவர் தம் பயணத்தைக் கூறக் கேட்டார். அதனைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் பொருள் விளங்கவில்லை. ‘மரம்’ என்று வந்தது. அது படகைக் குறித்தது. ‘துடுப்பு வலித்தோம்’ என்று வந்தது. அது துடுப்பைப் பற்றிய பேச்சே அன்று! பாய் விரித்துச் செல்லும் படகினர் அக்கரை ஊரை நெருங்கியதும் பாயை இறக்குவர். அங்கே நீர் ஆழமாதலின் கழி ஊன்ற இயலாது. துடுப்பையே எடுத்தாக வேண்டும். ஆகவே, ‘ஊரை அடைந்துவிட்டோம்’ என்பதே கருத்து. பின்தங்கிய படகினரை முந்திவிட்ட பெருமிதமும் அதனுள் ஒலித்தது. இத்தனையையும் எந்த அகராதி கூறும்?

1923-இல் ஆக்டன், ரிச்சர்ட்ஸ் என்பாரின் நூலுக்குப் பின்னிணைப்பாக அமைந்த கட்டுரையில் அவர் இதனை விளக்கினார். செய்தி எதனையும் தாராது உறவை மட்டும் வளர்க்கும் பேச்சும் உண்டு என்று அதில் காட்டினார். நாம் வழியிற் கண்டவரிடம், “சாப்பிட்டாயிற்றா?” என்று கேட்பது உணவுக் கணக்கு எடுப்பதற்கா, என்ன?

அக்கட்டுரையில் ஒரு குறையும் இருந்தது. இவ்வாறு சூழலைச் சார்ந்து நிற்பது ‘நாகரிகமற்றோர்’ மொழிகளின் இயல்பு என்பதுபோல் அவர் எழுதினார். 1935-இல் வெளியிட்ட நூலில் அதனைத் தாமே திருத்திக்கொண்டார். எல்லா மொழிக்கும் இது பொது என்றார். அவர் மறைந்தபின் 1967-இல் வெளிவந்த நாட்குறிப்போ, அத்தீவினர்மீது அவருக்கு இருந்த எரிச்சலையும் ஏளனத்தையும் காட்டிற்று. உடன் வாழ்ந்தவரெல்லாம் மதித்து வாழ்ந்தவர் ஆகார்.

அவர் கருத்தை வளர்த்தவர் லண்டனில் மொழியியல் கற்பித்த ஃபிர்த். தமிழ் ஒலிப்பு முறை குறித்தும் 1934-இல் எழுதியவர் இவர்.

இம்முறை மொழி பயிலும் மாணவர் கைக்கு வரப் பல்லாண்டுகள் ஆயின. 1990-களில் லண்டனின் ஈலிங்கில், அயல்மொழி கற்கும் கல்லூரி மாணவர்க்கு இதனை ஒரு பாடமாகவே வைத்தனர். வெளிநாட்டில் ஓராண்டு கழிப்பது அவர்களுக்கு முன்னரே வழக்கம். ஆயினும் பலர் தம் நாட்டவரோடே கூடியிருந்து திரும்புவர். புதிய பாடத்தின்படி, புறப்படுமுன் தம் சொந்தச் சூழலையே அயலார் கண்கொண்டு நோக்கிக் குறிப்பெடுத்துப் பழகினர். பழகிய வீட்டைக் காண்பதுதான் அரிது என்பது என் எண்ணம். பின்னர் அயல்நாட்டில் ஒரு குழுவினரோடு பழகி, அவர்தம் வழக்கங்களையும் பேச்சையும் ஆராய்ந்து, அந்நாட்டு மொழியிலேயே ஆய்வேடு எழுதி அளித்தனர்.