தூண்களின் மேல் ஒரு நகரம்

கட்டடக்கலைக்கென அருங்காட்சியகம் அமைப்போர் தொடக்கத்திலேயே எதிர்கொள்ளும் இடர், காட்டவேண்டிய பொருளைக் கூரைக்குள் கொண்டுவர இயலாது என்பதே. ஆதலால் வரைபடத்தையும் ஒளிப்படத்தையும், மூலத்தைப் பன்மடங்கு சுருக்கிச் செய்த மாதிரி வடிவத்தையுமே அவர்கள் நம்பியிருக்க நேர்கிறது. மான்ட்ரியாலில் 1979இல் ஃபிலிஸ் லாம்பர்ட் நிறுவிய கனடியக் கட்டடக்கலை மையம், இச்சிறுவடிவத்தைக் கண்ணாடிப் பேழையிலிருந்து வெட்டவெளிக்கே கொண்டுவந்தது.

இடிபடவிருந்த ஷாக்னெஸ்ஸி மாளிகையை லாம்பர்ட் 1974இல் விலைக்கு வாங்கிக் காத்தார். 1874இல் எழுந்த அம்மாளிகையை அணைத்தாற்போல் பீட்டர் ரோஸ் வடிவமைத்த கட்டடம், நகரின் பழைய வீடுகளுக்குரிய சாம்பல் நிறச் சுண்ணாம்புக்கல்லைப் போர்த்து 1989இல் திறக்கப்பட்டது. நகரின் வடக்கே உள்ள வில்லரே, இத்தகைய கல்லை வெட்டிய தொழிலாளர் குடியேறி வளர்ந்த ஊர் என்பதை இங்குச் சேர்த்து எண்ணலாம்.

மையத்திற்கு எதிரே, நெடுஞ்சாலைக் கிளைகளுக்கு நடுவே எஞ்சிக் கிடந்த நிலத்தில் சிற்பத் தோட்டத்தை அமைத்தவர் கலைஞரும் கட்டடக்கலைஞருமான மெல்வின் சார்னி (1935-2012). வில்லரேயில் காணும் வெளிப்படிக்கட்டு வைத்த மூன்றடுக்கு வீடுகளைப் போன்று, பொதுமக்களுக்கெனக் கட்டப்பட்ட எளிய கட்டடங்களில் கியூபெக் கட்டடக்கலையின் வேரைத் தேடியவர் அவர். 1976 ஒலிம்பிக் விழாவையொட்டி ஷெர்புரூக் தெரு நெடுக அவர் ஒருங்கிணைத்த ‘கொரிடார்’ கலைக்காட்சியை, விழா தொடங்குவதற்குச் சில நாள் முன்பு மேயர் ழான் டிராப்போவின் நிர்வாகம் இரவோடிரவாக அகற்றியது. பழைய வீட்டு முகப்புகளைச் சாரத்தாலும் ஒட்டுப்பலகையாலும் மீண்டும் எழுப்பிய சார்னியின் சொந்தப் படைப்பும் அதில் அழிந்தது. தோட்டத்தை அந்த இழப்புக்கான மறுமொழியாகக் கொள்வதில் தவறில்லை.

தோட்டத்தின் தென்விளிம்பில், நிலம் சரிந்து தொழிற்பகுதியை நோக்கி இறங்குமிடத்தில், ‘உருவகத் தூண்கள்’ வரிசையாக நிற்கின்றன. உருவகத் தூண் என்பது, தாங்குவதற்குக் கூரை எதுவுமின்றி, ஒரு கருத்தைக் குறிக்கும் வடிவத்தை உச்சியில் ஏந்தி நிற்கும் கம்பம். வீடு, ஆலைப் புகைபோக்கி, தானியக் குதிர் ஆகியன அங்கே சிற்பங்களாகச் சுருங்கியுள்ளன. வட அமெரிக்கத் தானியக் குதிர்களை லெ கொர்பூசியே 1923இலேயே நவீனக் கட்டடக்கலையின் முன்மாதிரியாகப் போற்றியிருந்ததால், அவ்வடிவம் உள்ளூர் நினைவையும் உலக வரலாற்றையும் ஒருங்கே சுட்டுகிறது. பேழைக்குள் வைத்த மாதிரி தன் மூலத்தைவிட்டுப் பிரிந்தே நிற்கும். இங்கோ சிற்பத்தை நோக்கும் கண்ணுக்குப் பின்னணியாக அந்த மூலம் பிறந்த நகர்ப்பகுதியே விரிகிறது. சார்னியின் நுட்பம் இவ்வமைப்பில்தான் உள்ளது. தனித்தனியே நோக்கினால் தூண்களுள் சில அத்துணைச் சிறப்புடையன அல்ல.

எனினும் அப்பின்னணி நிலையானதன்று. அத்தொழிற்பகுதியின் வழியே செல்லும் லஷீன் கால்வாய் 1970இல் கப்பல் போக்குவரத்துக்கு மூடப்பட்டபின், அதன் கரையிலிருந்த ஆலைகள் பல அடுக்குமாடிக் குடியிருப்புகளாயின. அவற்றில் நடந்த தொழிலை அறியாத இன்றைய பார்வையாளருக்குத் தூண்களின் பொருள் விளக்கமின்றி எளிதில் புலப்படுவதில்லை.