நேஸ்தேயா

நேஸ்தேயா என்பது உண்ணாதிருத்தலைக் குறிக்கும் பண்டைக் கிரேக்கச் சொல். 'நே' என்ற மறுப்பு முன்னொட்டும் 'உண்' எனப் பொருள்படும் வேரும் சேர்ந்து பிறந்த 'நேஸ்திஸ்' (உண்ணாதவர், வெறும் வயிற்றோடு இருப்பவர்) இதற்கு மூலம். பஞ்சத்துக்கு 'லிமோஸ்' என்று வேறு சொல் இருந்தது.

நேஸ்திஸ் என்ற சொல்லில் முதலில் சமய வாடை இல்லை. ஹோமரின் இலியட் 19ஆம் பகுதியில், நண்பனைப் பறிகொடுத்த அக்கிலீஸ் உடனே போருக்குப் புறப்படத் துடிக்கிறான். வெறும் வயிற்றோடு படையைக் களத்துக்கு அனுப்பக் கூடாது என்று ஒதிசியூஸ் தடுக்கிறான். வீரன் துக்கத்தில் சாப்பாட்டை ஒதுக்கலாம், சிப்பாய்க்குச் சோறு வேண்டும் என்பதே அந்த வாதம். மடவை மீன் பிற மீன்களைத் தின்னாது என்ற நம்பிக்கையால் அதற்கும் நேஸ்திஸ் என்ற அடைமொழி உண்டு. நகைச்சுவை நாடகக்காரர்கள் சாப்பாடு கிடைக்காதவர்களை மடவை என்று கேலி செய்தார்கள். பிணத்தை அறுத்துப் பார்க்கையில் பெரும்பாலும் காலியாகவே கிடந்ததால் இடைச்சிறுகுடலுக்கும் மருத்துவர்கள் அதே பெயரிட்டனர். 'ஜெஜூனம்' என்ற இன்றைய மருத்துவப் பெயர் அதன் லத்தீன் மொழிபெயர்ப்பே.

ஏதென்ஸில் நேஸ்தேயா ஒரு நாளின் பெயரும்கூட. விளைச்சலின் தெய்வமான தெமெத்தேருக்குப் பெண்கள் மட்டும் எடுத்த தெஸ்மொஃபோரியா விழாவில், இலையுதிர் காலத்து பியனோப்சியோன் மாதத்தில், அழகிய பிள்ளைப்பேற்றுக்குரிய நிறைவு நாளுக்கு முந்திய நாள் அது. மகளைப் பறிகொடுத்த தெமெத்தேரின் துயரை ஒட்டி அன்று பெண்கள் உண்ணாமல் தரையில் அமர்ந்திருந்தனர். படுக்கைக்குப் பரப்பியது நொச்சி இனச் செடியின் தழை. அதே தெய்வத்துக்குரிய எலியூசிஸ் மறைச்சடங்கில் சேருவோரும் நோன்பிருந்து, பின் வாற்கோதுமை கலந்த 'கிகேயோன்' என்ற பானத்தைக் குடித்தனர்.

எபிரேய வேதம் கிரேக்கத்தில் பெயர்க்கப்பட்டபோது, 'சோம்' என்ற யூத நோன்புக்கு நேஸ்தேயா ஈடானது. சொல்லில் மனவருத்தமும் வேண்டுதலும் ஏறிக்கொண்டது இந்த வழியில்தான். புதிய ஏற்பாட்டில் இரு பொருளும் அடுத்தடுத்து நிற்கின்றன. மத்தேயு 6இல் அது வேண்டி இருக்கும் நோன்பு. மத்தேயு 15இல் மூன்று நாளாக உணவின்றி இருந்த கூட்டத்தைச் சுட்டும் நேஸ்திஸ் வெறும் பசியைத்தான் குறிக்கிறது. அப்போஸ்தலர் பணி 27இல், கடல் பயணத்துக்கு ஏற்ற பருவம் கடந்துவிட்டதைச் சொல்ல 'நேஸ்தேயா முடிந்துவிட்டது' என்ற குறிப்பே போதுமானதாக இருந்தது. அது யூதரின் பாவநிவாரண நாள். தமிழ் விவிலியங்களில் சீர்திருத்தச் சபையார் 'உபவாசம்' என்றும் கத்தோலிக்கர் 'நோன்பு' என்றும் இச்சொல்லைப் பெயர்த்திருக்கின்றனர்.

தொடக்ககாலக் கிறிஸ்தவக் கையேடான திதாக்கே, யூதர் வழக்கமான திங்கள், வியாழன் நோன்பை விட்டுப் புதன், வெள்ளியில் இருக்கச் சொல்கிறது. இந்த இரு நாள்களையும் கிழக்குத் திருச்சபை இன்றும் கைக்கொள்கிறது. ஆனால் பொருள் இளகிவிட்டது. இன்றைய கிரேக்கத்தில் 'நிஸ்தீயா' முழுப் பட்டினியைக் காட்டிலும் இறைச்சி, முட்டை, பால், மீன் ஆகியவற்றை விலக்குவதையே பெரிதும் குறிக்கும். இரத்தமற்றவை என்று கருதப்படும் இறாலும் கணவாயும் ஆக்டோபஸும் தவக்கால மேசையில் தாராளமாக வரும். விரதச் சமையல் விருந்துக்கு ஈடாகிவிடும். கடைகளிலும் பேக்கரிகளிலும் அத்தகைய பண்டங்களை 'நிஸ்தீசிமோ' என்பர். அதே வேரில் பிறந்த 'நிஸ்திகோஸ்' மட்டும் பழம்பொருளை விடவில்லை. இரத்தப் பரிசோதனைக்கு வருபவர் காலையில் ஒன்றும் சாப்பிடவில்லையே என்று கேட்க இந்தச் சொல்தான் பயன்படுகிறது.