ஒரே முகத்திரை, பல நூற்றாண்டுகள்

வெளிநாட்டில் பணிபுரியும் நம் பழைய மாணவர் ஒருவர் விடுமுறையில் ஊர் வந்தபோது சிறு அட்டைப்பெட்டி ஒன்றை நம்முன் வைத்துத் திறந்தார். பஞ்சுக்குள் பொதிந்த 12 உலோக உருவங்கள். ஒவ்வொன்றும் 28 மில்லிமீட்டர் உயரம். முகத்தை மூடிய நீலத்துணி, நிமிர்ந்த வாள், தோல் கேடயம், மூவர் ஒட்டகத்தின்மீது. சஹாராப் பாலைவனத்தின் துவாரெக் மக்கள்.

"ஹழ்ரத், மேசைமேல் போர்க்களம் அமைத்து ஆடும் விளையாட்டுக்கு உரியவை இவை. இந்த 12 பேரையே முராபித்தூன்கள் காலத்திலும் நிறுத்தலாம், பிரெஞ்சுக்காரர் காலத்திலும் நிறுத்தலாம் என்கிறார்கள். சரிதானா?" என்று கேட்டார். பிறகு தயக்கத்துடன் மற்றொன்றையும் சொன்னார். அவருடைய மகன் இவற்றைப் பார்த்துவிட்டு, "வாப்பா, இவங்களும் முஸ்லிம்களா? எப்பவும் கோட்டையைத் தாக்குறவங்களாத்தானே வர்றாங்க?" என்று கேட்டானாம்.

முதற்கேள்விக்கு விடை தேடும்போதே இரண்டாவதற்கும் விடை கிடைத்தது. ஆகவே இங்கு எழுதுகிறோம்.

உருவங்களை வைத்துப் போரை ஆடிப் பார்ப்பது புதிதன்று. 1824-இல் பிரஷ்ய இராணுவ அதிகாரி ரைஸ்விட்ஸ் வரைபடமும் கட்டைகளும் கொண்டு படை அதிகாரிகளுக்கான ஆட்டமொன்றை வகுத்தார். 1913-இல் எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் பொம்மைச் சிப்பாய்களுக்கு விதிமுறை எழுதி அதனை வீட்டுக்குள் கொண்டுவந்தார். (உருவப் பொம்மை கூடுமா என்ற பிக்ஹுச் சட்டக் கேள்வியை இங்கு எடுக்கவில்லை. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் சிறகுள்ள குதிரைப் பொம்மை இருந்த செய்தியை மக்தப் பிள்ளைகளும் அறிவர்.) செலவும் உழைப்பும் மிகுந்த பொழுதுபோக்கு இது. ஒரே உருவத்தைப் பல காலத்துக்குப் பயன்படுத்த விரும்புவது இயல்பே.

துவாரெக் ஆடையும் அதற்கு இடம் தருகிறது. ஆண்கள் முகம் மறைப்பர். பெண்கள் முகம் மறைப்பதில்லை. தகெல்முஸ்த் எனும் அந்தத் துணியின் அவுரிச் சாயம் தோலில் ஒட்டிக்கொள்வதால் 'நீல மனிதர்' என்ற பெயரும் வந்தது. தகோபா எனும் நேரான இருபுறக் கூர்வாள், முன்கையில் கட்டிய குத்துவாள், சிலுவை போன்ற முன்கொம்புடைய சேணம் ஆகியவற்றைக் கண்டால், காலம் இவர்களைத் தொடவே இல்லையோ என்று தோன்றும். அந்தத் தோற்றத்தில்தான் பிழை தொடங்குகிறது.

முராபித்தூன்களை எடுத்துக்கொள்வோம். ஹஜ்ஜிலிருந்து திரும்பும் வழியில் கைரவானில் அபூ இம்ரான் அல்-ஃபாஸீ அவர்களைச் சந்தித்த ஒரு சன்ஹாஜாத் தலைவர், தம் மக்களுக்கு மார்க்கம் கற்பிக்க ஓர் ஆசிரியர் வேண்டுமென்று கேட்டார். அந்த வேண்டுகோளின் தொடர்ச்சியாகவே அப்துல்லாஹ் இப்னு யாஸீன் பாலைவனத்துக்குச் சென்றார். ஓர் உஸ்தாதைத் தேடிய பயணத்தில் அந்தப் பேரரசு தொடங்கியது என்பதை நாம் சற்றுப் பெருமையுடனேயே மாணவர்களுக்குச் சொல்வதுண்டு. லம்தூனா, குதாலா, மஸ்ஸூஃபா என்ற அக்குலத்து ஆண்களும் முகத்திரை அணிந்தவர்கள். அரபு நூல்கள் அவர்களை 'முலஸ்ஸமூன்', அதாவது முகத்திரையிட்டோர் என்றே அழைக்கின்றன. ஆயினும் அவர்கள் மேற்குச் சஹாராவினர். துவாரெக் மக்களோ நடுச் சஹாராவில் வாழ்பவர்கள். இருசாராரும் பெர்பர் இனத்தின் உறவினர். ஆனால் ஒருவரே அல்லர்.

போர்முறையில் வேறுபாடு இன்னும் பெரிது. குர்துபாவிலிருந்து எழுதிய அல்-பக்ரீ, முராபித்தூன்கள் பெரும்பாலும் தரையில் நின்று அணிவகுத்தே போரிட்டனர் என்கிறார். முன்வரிசையினரிடம் நீண்ட ஈட்டிகள். பின்வரிசையினரிடம் எறியும் வேல்கள். எல்லோருக்கும் முன்னே கொடி ஏந்தியவர் நிற்பார். கொடி நிமிர்ந்திருக்கும்வரை படை அசையாது. கொடி தாழ்ந்தால் அனைவரும் தரையில் அமர்ந்து மலைபோல் உறுதியாக இருப்பர். ஹிஜ்ரி 479-இல், கிறித்தவ ஆண்டு 1086 அக்டோபரில், யூசுஃப் இப்னு தாஷ்ஃபீன் ஸல்லாகாவில் காஸ்டிலின் ஆறாம் அல்போன்ஸோவை வென்றது இத்தகைய ஒழுங்கினால்தான். நம் மாணவரின் பெட்டியிலோ ஒவ்வொருவரும் தனித்தனியே வாளை ஓங்கிப் பாய்கிறார்கள். வரிசை காக்கும் ஒருவருமில்லை, கொடியுமில்லை. முகத்திரை பொருந்துகிறது; உடல்நிலை பொருந்தவில்லை. கையிலுள்ள வாளை நீக்கி நீண்ட ஈட்டியைப் பொருத்தி, நெருக்கமாக நிறுத்தினால் ஓரளவு ஏற்கலாம் என்றோம்.

இடைப்பட்ட நூற்றாண்டுகளில் இடர்ப்பாடு குறைவு. இப்னு பதூதா 1352-இல் சிஜில்மாஸாவிலிருந்து புறப்பட்டுச் சென்று திரும்பும் வழியில் ஹக்கார் மலைநாட்டின் முகத்திரை மக்களைச் சந்தித்தார். அவர்களைப் பற்றி நல்ல சொல் சொல்லவில்லை. அவர்கள் ரமளானில் பயணக் கூட்டங்களைத் தாக்குவதில்லை என்பதையும் அவரே பதிந்துள்ளார். பதினைந்தாம் நூற்றாண்டில் சில பத்தாண்டுகள் திம்புக்தூ துவாரெக் கையில் இருந்தது. சோங்காய் மன்னர் சுன்னி அலீ அதைப் பறித்தார். இக்களங்களுக்கெல்லாம் வாளும் கேடயமும் ஒட்டகமும் பொருந்தும்.

பிரெஞ்சுக் காலம்தான் நம்மை நெடுநேரம் பேசவைத்தது. 1881-இல் சஹாராவைக் கடக்கும் இரயில்பாதைக்கு வழி பார்க்க வந்த கர்னல் ஃபிளாட்டர்ஸின் குழுவை ஹக்கார் துவாரெக்குகள் அழித்தனர். 1902 மே 7-ஆம் நாள் தித் என்னுமிடத்தில் நிலைமை தலைகீழானது. வாளும் ஈட்டியும் சில பழைய துப்பாக்கிகளும் கொண்டு வந்தவர்கள் விரைவுத் துப்பாக்கிகளின்முன் வீழ்ந்தனர். மாண்டோர் 90-க்கும் மேல். அன்று எதிரணியில் வெள்ளைத் தொப்பியணிந்த அந்நியப் படையினர் இல்லை. லெப்டினன்ட் கோட்டனே என்ற பிரெஞ்சு அதிகாரியின் கீழ் நின்றவர்கள் அல்ஜீரியச் சோலைகளில் திரட்டப்பட்ட ஏறத்தாழ 130 உள்ளூர் முஸ்லிம்கள். தலைப்பாகைக்கு எதிரே தலைப்பாகை. மேசைமேல் இதை உண்மையாக அமைத்தால், பார்ப்பவர்க்கு யார் எப்பக்கம் என்றே விளங்காது.

கோட்டை, வெள்ளைத்தொப்பி, அலையலையாய்ப் பாயும் பெயரற்ற பாலைவனத்தார் என்ற காட்சியைப் பரப்பியதில் 1924-இல் வெளிவந்த 'போ ஜெஸ்ட்' என்ற ஆங்கில நாவலுக்கும் அதன் திரைப்படங்களுக்கும் பெரும்பங்கு உண்டு. மகன் கேட்ட கேள்வியின் வேர் அங்கிருக்கிறது.

உண்மையான முற்றுகை ஒன்றும் நடந்தது. 1916 டிசம்பரில், ஸனூஸிய்யா தரீக்காவைச் சார்ந்த கவோசன் என்ற துவாரெக் தலைவர் அகதஸ் நகரின் பிரெஞ்சுக் கோட்டையைச் சூழ்ந்தார். அவர் படையிடம் துப்பாக்கிகள் இருந்தன. லிபியாவில் இத்தாலியரிடமிருந்து கைப்பற்றிய பீரங்கி ஒன்றும் இருந்தது. அகதஸின் சுல்தான் தகாமா அவருடன் நின்றார். ஏறத்தாழ 80 நாள்களுக்குப் பின், 1917 மார்ச்சில், உதவிப்படை வந்து முற்றுகையை முறித்தது. வாள்மட்டும் ஏந்திய 12 பேரை இங்கு நிறுத்துவது கவோசனுக்குச் செய்யும் அநீதி. அவர் மூடிய முகத்துடன் வெறுமனே பாய்ந்தவர் அல்லர். தம் காலத்துப் போரைத் தெரிந்தவர்.

நகரம் மீட்கப்பட்டபின் பிரெஞ்சுப்படை அகதஸின் ஆலிம்கள் பலரைக் கொன்றது. நெடிய மண் மினாரா நிற்கும் அந்நகரம் வெறும் சந்தையன்று. பின்னாளில் ஸொக்கோட்டோ அரசை நிறுவிய உஸ்மான் இப்னு ஃபோதியோவின் ஆசிரியர் ஜிப்ரீல் இப்னு உமர் அப்பகுதியைச் சேர்ந்த துவாரெக் அறிஞர். துவாரெக் சமூகத்தில் போர்வீரக் குலங்களைப் போலவே மார்க்கக் கல்விக்கென்றே வாழ்ந்த குலங்களும் இருந்தன. கொலையுண்டவர்களில் எத்தனைபேர் கையில் ஆயுதம் தொட்டிருப்பர்?

மாணவர் நெடுநேரம் பெட்டியையே பார்த்திருந்தார். பிறகு, ஓங்கிய வாளின்றி நின்ற ஒரே உருவத்தை எடுத்தார். கைத்தடியில் சாய்ந்த முதியவர். ஒட்டகம் காப்பவராக வார்க்கப்பட்டிருக்க வேண்டும். "இந்தத் தடியை நீக்கிவிட்டு மார்போடு அணைத்த ஒரு கிதாபு செய்ய முடியும், ஹழ்ரத். சிறிது மெழுகுப்பசை போதும்" என்றார்.

சென்ற வாரம் படம் அனுப்பியிருந்தார். கிதாபின் அட்டைக்குச் சிவப்பு வண்ணம் தீட்டியவன் மகனாம். தூரிகை சற்று விலகி முதியவரின் கைவிரல்களும் சிவந்திருந்தன.