துறைமுகப் புகையும் சாரதியின் கடனும்

துறைமுகங்களின் வரலாறு பெரும்பாலும் சரக்கின் தொகையையே கணக்கிடுகின்றது. புகையைச் சுவாசித்த மக்களைக் கணக்கிடுவதில்லை. அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சலிஸ் துறைமுகத்தை அண்டி வாழ்வோர் அக்கணக்கைக் கேட்டனர். சூழல் அமைப்புகளோடிணைந்து 2001ஆம் ஆண்டில் அவர்கள் தொடுத்த வழக்கின் பயனாக, 2004இல் ஒரு முனையத்திற் கரையணைந்த கப்பல்கள் புகைகக்கும் எந்திரங்களை நிறுத்திக் கரையிலிருந்து மின்சாரம் பெறலாயின. 2008இல், 1989க்கு முற்பட்ட லொறிகள் தடைசெய்யப்பட்டன. காற்றும் தூய்மை பெற்றது.

ஆயின், புதிய லொறிக்கு விலை கொடுத்தவர் யார்? சாரதிகளைக் கம்பனிகள் தம் ஊழியராக ஏற்கவேண்டுமென்று துறைமுகம் விதித்தது. அவ்விதியை 2011இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் செல்லாதாக்கிற்று. குத்தகைக் கடன் சாரதிகள் பலரின் தலையிலே விழுந்தது.

தூய காற்று மக்கள் போராடிப் பெற்ற உரிமை. இலாபம் ஒருவனுக்கும் அவ்வுரிமையின் விலை உழைப்பவனுக்கும் என்பது நீதியாகாது.