திண்டுக்கல் கொள்ளைக் காய்ச்சல் (1809–1811)

திண்டுக்கல், மதுரை, கோயம்புத்தூர், திருநெல்வேலிச் சீமைகளில் 1809 முதல் 1811 வரை பரவிப் பெருஞ்சேதம் விளைத்த முறைக்காய்ச்சல்; மலேரியா எனக் கருதத்தக்கது. சென்னை அரசாங்கம் நியமித்த வைத்தியர்களாகிய ஐன்ஸ்லி, ஸ்மித், கிறிஸ்டி ஆகிய மூவரும் இதன் காரணங்களை ஆராய்ந்து எழுதிய அறிக்கை 1816-இல் லண்டனில் அச்சாயிற்று. ரொனால்டு ராஸ் 1897-இல் செகந்தராபாத்தில் கொசுவின் உடலுள் மலேரியாக் கிருமியைக் கண்டறிவதற்கு வெகுகாலம் முற்பட்ட அந்நாளில், சதுப்பு நிலத்தினின்று எழும் விஷவாயுவே இத்தகைய ஜ்வரங்களுக்கு ஹேது என்பது மேனாட்டு வைத்திய சாஸ்திரத்தின் சித்தாந்தமாயிருந்தது. காரணம் பிழையெனினும், தேங்கிய நீரின்மேல் விழுந்த அச்சந்தேகம் மதிக்கத்தக்கதே. அக்காலத்துச் சிறந்த ஔஷதமாகிய சிங்கோனாப் பட்டை, பெரு முதலிய தென்னமெரிக்க நாடுகளின் ஆண்டீஸ் மலைச்சரிவுகளிலிருந்து கடல் கடந்து வந்த அரிய சரக்காதலின், சமவெளிக் குடியானவர்க்கு எளிதில் எட்டுவதாயில்லை. அப்பட்டையினின்று கொய்னா 1820-இல் பிரித்தெடுக்கப்பட்டது; அம்மரம் நீலகிரியில் பயிராகத் தொடங்கியதோ 1860-களிலேதான்.