அகில அமெரிக்கர்

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், பழைய இராணுவ முகாமொன்றில் 1879ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது கார்லைல் செவ்விந்தியர் பாடசாலை. நிறுவியவர் றிச்சர்ட் ஹென்றி பிராட் எனும் இராணுவ அதிகாரி. பழங்குடிப் பிள்ளைகளின் கூந்தலை வெட்டி, பெயரை மாற்றி, தாய்மொழியைத் தடுத்து அவர்களை வெள்ளையராக வார்ப்பதே அதன் நோக்கமாயிருந்தது.

எனினும் அப்பிள்ளைகள் நாட்டையே வியக்கவைத்தது உதைபந்தாட்டத்தில்தான். பந்தைக் கையிலேந்தி ஓடும் அமெரிக்க முறை ஆட்டம் அது. பெரும் பல்கலைக்கழகங்களோடு அவர்கள் மோதினர். 1911இல் ஹார்வர்டை 18–15 எனவும், 1912இல் வெஸ்ட் பொயின்ட் இராணுவக் கல்லூரியை 27–6 எனவும் வென்றனர். அமெரிக்கப் படையினர் செவ்விந்தியரைக் கொன்று குவித்த 'வூண்டட் நீ' படுகொலை நிகழ்ந்து அப்போது 22 ஆண்டுகளே கழிந்திருந்தன.

நாட்டின் தலைசிறந்த பதினொருவரைக் கொண்டதாக வோல்டர் கேம்ப் ஆண்டுதோறும் தெரிவுசெய்த 'அகில அமெரிக்க' முதல் அணியில் 1899இல் ஐசாக் செனெக்கா, 1903இல் ஜேம்ஸ் ஜோன்சன், 1911இலும் 1912இலும் ஜிம் தோர்ப் ஆகியோர் இடம்பெற்றனர். தோர்ப் 1912 ஸ்டொக்ஹோம் ஒலிம்பிக்கில் இரு தங்கப் பதக்கங்களும் வென்றார். முன்னர் பேஸ்போல் ஆடிச் சிறுதொகை பெற்றாரென்று மறு ஆண்டே அவை பறிக்கப்பட்டன. அவர் 1953இல் காலமானார். அவரே தனி வெற்றியாளர் என மீண்டும் ஏற்கப்பட்டது 2022இல்.

பாடசாலை 1918இல் மூடப்பட்டது. செவ்விந்தியர் அனைவருக்கும் குடியுரிமை வழங்கிய சட்டமோ 1924இல்தான் வந்தது. 'அகில அமெரிக்கர்' என்ற கௌரவம் முந்தியது. அமெரிக்கர் என்ற உரிமை பிந்தியது. ஒரு சமூகத்தின் வீரனுக்குக் கைதட்டுவது எளிது. அவனது பெயரையும் மொழியையும் அவனிடமே விட்டுவைப்பதில்தான் ஒரு தேசத்தின் நேர்மை தெரியும்.