மில்லிங் மறுபயன்பாடு, பழைய இயந்திரங்களில்

பெரிய ஆலைகள் கழித்துவிட்ட கனரக இயந்திரங்களைச் செப்பனிட்டு, சிறு பட்டறைகளின் இலகு மில்லிங் வேலைக்குப் பொருத்தும் முறை. 1958இல் தொடங்கிய கிண்டி தொழிற்பேட்டை, திருமுடிவாக்கம் சிட்கோ பேட்டை, தாம்பரம் என நீளும் தென்சென்னை ஜாப் ஒர்க் வட்டாரத்துக்கு உகந்தது.

எச்.எம்.டி.யின் எஃப்.என். வரிசை போன்ற கிடைமட்ட மில்லிங் இயந்திரத்தில் வெர்டிகல் ஹெட் பூட்டுவது ஒரு வகை. லேத்தின் கிராஸ் ஸ்லைடில் வெர்டிகல் ஸ்லைடு வைத்து, ஸ்பிண்டிலில் கட்டரைப் பிடிப்பது மற்றொன்று. பின்னது மலிவு, ஆனால் விறைப்புக் குறைவு.

பழைய இயந்திரங்களின் வார்ப்பிரும்பு எடை அதிர்வை அடக்கும். ஆனால் தேய்மானம் ஸ்லைடுகளிலும் லீடு ஸ்குரூவிலும் ஒளிந்திருக்கும். புதுப் பெயின்டை நம்பி வாங்குவது வீண். நீலச் சாயம் தடவி மேடுகளைக் கண்டு, கையால் ஸ்கிரேப்பிங் செய்து பரப்பைச் சமன்படுத்துவர். ஸ்குரூவில் பேக்லாஷ் (தளர்வு) இருந்தால் கட்டரின் சுழற்சிக்கு எதிர்த்திசையிலேயே ஃபீட் கொடுக்க வேண்டும். உடன்திசையில் கொடுத்தால் கட்டர் வேலைப்பொருளை உள்ளிழுத்து உடையக்கூடும்.

மும்முனை மின்சாரம் இல்லாத பட்டறைக்கு மின்னிணைப்பே பெரும் தடை. 415 வோல்ட் மும்முனை மோட்டாரை 230 வோல்ட் ஒருமுனை இணைப்பில் ஓட்ட வி.எஃப்.டி. (அதிர்வெண் மாற்றி) உதவும். சாதாரண வி.எஃப்.டி.யின் வெளியீடும் ஏறத்தாழ 230 வோல்ட்டே. ஆகவே மோட்டாரின் ஸ்டார் இணைப்பு டெல்டாவாக மாற்றப்படும். சுருள்கள் முன்பே 415 வோல்ட் டெல்டாவுக்குச் சுற்றப்பட்டிருந்தால் ரீவைண்டிங் செய்ய நேரலாம்.